சாயத்தில் மருந்து கண்ட பால் எர்லிக்

தென்னார்க்காட்டு மண்ணுக்கும் நீல நிறத்திற்கும் நெடுநாளைய உறவு உண்டு. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என விரியும் இவ்வட்டாரம் 1993ஆம் ஆண்டில் தனி மாவட்டமாவதற்கு முன்னர்த் தென்னார்க்காட்டின் பகுதியாகவே இருந்தது. சென்னை மாகாணத்தில் அவுரி பயிரிட்டு நீலம் எடுத்த மாவட்டங்களுள் தென்னார்க்காடும் ஒன்று. அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்நீரை அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலத்தைக் கட்டிகளாக்கிக் கடல்கடந்து அனுப்பினர் நம் முன்னோர். புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணி ஆப்பிரிக்கக் கரை வரை சென்று விலை போயிற்று. மருதாணியோடு அவுரிப் பொடியும் குழைத்து நரைக்கு இடும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. இதை வாசித்துப் புன்முறுவல் பூப்போரும் அவர்களுள் இருக்கலாம்.

நிறம் மட்டுமன்று, நீலம் என்னும் சொல்லும் கடல் கடந்தது. அரபு வணிகர் நாவில் அது அந்நீல் ஆயிற்று. போர்த்துக்கேசியர் அதனை அனில் என்றனர். 1840ஆம் ஆண்டில் பிரிட்சு என்னும் வேதியியலார் அவுரி நீலத்திலிருந்து ஓர் எண்ணெயைப் பிரித்தெடுத்து, அந்த அனிலின் பெயராலேயே அதற்கு அனிலின் எனப் பெயரிட்டார். அதே பொருள் நிலக்கரித் தாரிலும் கிடைக்கும் என்று கண்ட பின்னர், செர்மானியத் தொழிற்சாலைகள் அனிலினைக் கொண்டு நூற்றுக்கணக்கான செயற்கைச் சாயங்களை ஆக்கிக் குவித்தன. அவற்றுள் ஒன்று, 1876ஆம் ஆண்டில் ஐன்ரிக் காரோ என்பவர் ஆக்கிய மெதிலீன் நீலம். நூலுக்கும் துணிக்கும் இடுவதற்கென்று பிறந்த அச்சாயத்தை முதன்முதலாக மனித உடலுக்கு மருந்தாகக் கொடுத்தவரே இக்கட்டுரையின் நாயகர் பால் எர்லிக்.

தமிழ்த்துறையின் மலரில் செர்மானிய மருத்துவர் ஒருவரின் வாழ்க்கைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. அனந்தபுரத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், எம் துறையோடு நீண்டநாள் பழக்கமுடையவர், சில திங்களுக்கு முன் எம்மைக் காண வந்தார். அவர் மகள் அமெரிக்காவில் வாழ்கிறார். காட்டோரப் பூங்காவில் உண்ணி கடித்து லைம் நோய் கண்டதாம். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை முறையாக உண்டு முடித்தும் மூட்டுவலியும் களைப்பும் முழுவதும் நீங்கவில்லை. அதற்குள் அக்கம்பக்கத்தார் மெதிலீன் நீலத்தைத் துளித்துளியாக நீரில் கலந்து அருந்துமாறு சொல்லத் தொடங்கிவிட்டனர். நம்மூரில் வண்ணமீன் விற்கும் கடையில் தொட்டி நீரில் விடுகிறார்களே, அந்த நீலந்தானா இது என்று பெரியவர் கேட்டார். ஆம், அதே நீலந்தான். அதனை மனிதர் உண்ணலாமா என்பது அவரது அடுத்த வினா. அவ்வினாவுக்கு விடை தேடிய வழியில்தான் எர்லிக்கின் வாழ்க்கை எமக்கு எதிர்ப்பட்டது.

அன்றைய பிரசிய நாட்டின் சைலீசிய மாநிலத்தில், இன்று போலந்தில் உள்ள ஸ்டிரெலன் என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் எர்லிக் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை இஸ்மார் விடுதி நடத்தியவர். தாய் ரோசாவின் உறவினரான கார்ல் வைகர்ட், எர்லிக்கை விட ஒன்பது ஆண்டு மூத்தவர். நோயுற்ற திசுக்களில் நுண்ணுயிர்களை அனிலின் சாயங்களால் நிறமேற்றிக் காட்டிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அந்த அண்ணனின் மேசையில்தான் சிறுவன் எர்லிக் முதன்முதலாகச் சாயங்களைக் கண்டான். அன்று பற்றிய பித்து இறுதிநாள் வரை அவரை விடவில்லை.

பிரெசுலாவ், ஸ்டிராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் எனப் பல பல்கலைக்கழகங்களில் அவர் மருத்துவம் பயின்றார். சிறந்த மாணவர் என்று எவரும் அவரைச் சொல்லியிருக்க மாட்டார். பாடத்திட்டத்தை விட்டு விலகி, எந்தச் சாயம் எந்தத் திசுவைப் பற்றுகிறது என்று சோதிப்பதிலேயே நாளைக் கழித்தார். 1878ஆம் ஆண்டில் அவர் பட்டத்திற்கு அளித்த ஆய்வும் திசுக்களுக்கு நிறமேற்றுவதைப் பற்றியதே. அந்நாளிலேயே மாஸ்ட் செல் என்னும் உயிரணு வகையை அவர் இனங்கண்டிருந்தார். ஒரு சாயம் ஓர் உயிரணுவைப் பற்றி, அதன் அருகிலேயே உள்ள மற்றொன்றைப் பற்றாமல் விடுவது ஏன்? இவ்வினாவே அவர் வாழ்நாளின் வினா ஆயிற்று.

பட்டம் பெற்றபின் பெர்லின் சரித்தே மருத்துவமனையில் பிரெரிக்ஸ் என்னும் பேராசிரியரிடம் பணியில் அமர்ந்தார். பிரெரிக்ஸ் பெருந்தன்மையுடையவர். இந்த இளைஞனை நோயாளிகளிடையே அலைக்கழிக்காமல் சாயங்களோடு விளையாட விட்டார். குருதி அணுக்களை நிறத்தால் வகைப்படுத்தி, வெள்ளணுக்களுக்குள் இத்தனை பிரிவுகள் உண்டு என்று எர்லிக் காட்டியது அங்கேதான். இன்று நம் ஊர் ஆய்வுக்கூடங்கள் தரும் குருதிச் சோதனைச் சீட்டில் வெள்ளணுக்களை வகைவகையாக எண்ணிக் குறிப்பதற்கு வித்திட்டவர் அவரே.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் மாலை, காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரைத் தாம் கண்டதாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். அவையில் எர்லிக் இருந்தார். அன்றிரவே தம் அறைக்குச் சென்று, அந்நுண்ணுயிரை இன்னும் தெளிவாகக் காட்டும் வழியைத் தேடத் தொடங்கினார். நிறமேற்றிய கண்ணாடிகளை அணைந்திருந்த அடுப்பின்மேல் உலர வைத்துச் சென்றதாகவும், காலையில் பணிப்பெண் அறியாமல் அடுப்பை மூட்டிவிட, அந்தச் சூட்டால் நிறம் நன்கு பதிந்து நுண்ணுயிர்கள் பளிச்சென்று தெரிந்ததாகவும் சொல்வர். அடுப்புக் கதை எவ்வாறாயினும், காசக் கிருமி தான் ஏற்ற நிறத்தை அமிலத்தால் கழுவினாலும் விடாது என்ற உண்மையைக் கண்டவர் எர்லிக். பின்னர் சீல், நீல்சன் என்னும் இருவர் அம்முறையைச் செம்மைப்படுத்தினர். சளிச் சோதனையில் செந்நிறக் கோல்களாகக் கிருமியும், அதன் பின்னணியாக நீலத் திரையும் தெரிகின்றன அல்லவா? அந்த நீலத் திரை பெரும்பாலும் மெதிலீன் நீலமே.

1883ஆம் ஆண்டில் எட்விக் பின்கஸ் அம்மையாரை மணந்தார். பெண்மக்கள் இருவர். இல்வாழ்க்கை இனிதாகவே அமைந்தது. ஆயின் 1885இல் பிரெரிக்ஸ் மறைய, அடுத்து வந்த தலைவருக்குச் சாயங்களில் ஆர்வம் இல்லை. நோயாளிகளைக் கவனிக்கும் பணி எர்லிக்கின் மேல் சுமத்தப்பட்டது. அந்த நெருக்கடியிலும் ஒரு செயல் செய்தார். உயிருள்ள விலங்கின் உடலில் மெதிலீன் நீலத்தைச் செலுத்தினார். நரம்பிழைகள் மட்டும் நீல நூல்களாகத் தனித்துத் தெரிந்தன! இறந்த திசுவில் அன்று, உயிரோடு இயங்கும் உடலுக்குள்ளேயே ஒரு சாயம் தன் இடத்தைத் தேடிச் சென்று பற்றியது. அப்படியானால், நோய்க் கிருமியை மட்டும் தேடிச் சென்று பற்றும் சாயமும் இருக்கலாம் அல்லவா? பற்றுவதோடு அதனைக் கொல்லவும் கூடுமானால்?

இக்கேள்வி முற்றாக உருப்பெறும் முன்னரே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. தம் சளியைத் தாமே சோதித்தபோது, எந்தக் கிருமியைக் காண உலகிற்கு வழி காட்டினாரோ அந்தக் கிருமியையே அதில் கண்டார். 1888ஆம் ஆண்டில் மனைவியுடன் எகிப்து சென்று, அந்நாட்டின் வறண்ட காற்றில் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கி உடல்நலம் தேறினார். பெர்லினுக்குத் திரும்பியவரை எந்தப் பதவியும் வரவேற்கவில்லை. தம் செலவில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். பின்னர்க் காக் தம் நிறுவனத்தில் அவருக்கு இடமளித்தார்.

இனி நம் நீலத்திற்கு வருவோம். நரம்பைப் பற்றும் சாயம் நரம்புவலியைத் தணிக்குமோ என்று 1890இல் லெப்மன் என்பவரோடு சேர்ந்து சோதித்தார். ஓரளவு பயன் தெரிந்தது. மலேரியாவின் ஒட்டுண்ணியும் மெதிலீன் நீலத்தை நன்கு ஏற்கும் என்பது அக்காலத்தே தெரியவந்திருந்தது. ஆகவே 1891ஆம் ஆண்டில், பெர்லின் மோவாபிட் மருத்துவமனையில் பால் குட்மன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து மலேரியா நோயாளிகள் இருவருக்கு அச்சாயத்தை உண்ணக் கொடுத்தார். சில நாள்களில் காய்ச்சல் தணிந்தது. குருதியில் ஒட்டுண்ணியும் மறைந்தது. முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட ஒரு பொருள் மனிதனின் தொற்றுநோயைத் தீர்த்தது வரலாற்றில் அதுவே முதன்முறை. இதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1856இல், பெர்கின் என்னும் பதினெட்டு வயது ஆங்கில இளைஞர் மலேரியாவுக்கான கொய்னாவைத் தாரிலிருந்து ஆக்க முயன்று, மருந்துக்கு மாறாக ஊதாச் சாயத்தைப் பெற்றார். செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்துதான் பிறந்தது. மருந்தைத் தேடியவருக்குச் சாயம் கிடைத்தது. சாயத்தைத் தேடியவருக்கு மருந்து கிடைத்தது.

இந்த இடத்தில் எர்லிக் என்ன செய்தார் என்பதே நாம் சற்று நின்று காண வேண்டியது. இருவர் குணமடைந்தனர். வேறொருவராயிருந்தால் ஊரெல்லாம் முரசறைந்திருப்பார். எர்லிக் இரண்டு நோயாளிகளின் கணக்கை இரண்டு நோயாளிகளின் கணக்காகவே வெளியிட்டார். விலங்குகளில் சோதித்து, அளவை மாற்றி, மூலக்கூற்றை மாற்றி மேலே செல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். மனித மலேரியாவை ஆய்வுக்கூட விலங்குகளுக்கு ஏற்றி வளர்க்க அன்று வழியில்லை. கொய்னாவை விட இது மேம்பட்டது என்று காட்டவும் இயலவில்லை. ஆகவே மலேரியா ஆய்வை அவ்வளவோடு நிறுத்தினார். தாம் ஈன்ற பிள்ளையைத் தாமே ஒதுக்கி வைக்கும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

மருந்தைச் சோதிப்பதற்கும் முறைகள் உண்டு என்பதை நம் மரபு அறியாததன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலின் இரண்டாம் பகுதியில் இதற்கென விதிகளை வகுத்தார். விலங்கில் பலித்தது மனிதனில் பலிக்காமற் போகலாம் என்பதும், ஒருமுறை பலித்ததைத் தற்செயல் என்றே கொண்டு மீண்டும் மீண்டும் பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அவற்றின் கருத்து. எர்லிக் அவ்விதிகளைப் படித்திருந்தாரா என்பது வேறு செய்தி. அவர் நடந்தது அவ்வழியில்தான்.

அதன்பின் பல ஆண்டுகள் அவர் வேறு துறையில் உழைத்தார். தொண்டை அடைப்பான் நோய்க்குப் பேரிங் கண்ட ஊநீர், ஒருமுறை பலித்து மறுமுறை பொய்த்துக்கொண்டிருந்தது. அதன் வலிமையை அளந்து, இத்தனை அலகு என்று தரப்படுத்தும் முறையை எர்லிக் வகுத்தார். 1894 முதல் அம்மருந்து எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது. புகழும் பொருளும் பெரிதும் பேரிங்கைச் சேர்ந்தன. இருவர் நட்பும் முறிந்தது. 1899இல் பிராங்க்பர்ட் நகரில் அவருக்கென ஒரு நிறுவனம் அமைந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுகளுக்காக 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசை உருசிய அறிஞர் மெச்னிகாப்புடன் பகிர்ந்துகொண்டார்.

அவருடைய அறையைப் பற்றிச் சொல்லாமல் போகலாகாது. நாற்காலி, மேசை, தரை எங்கும் இதழ்களும் நூல்களும் அடுக்கடுக்காகக் கிடக்கும். வந்தவர் அமர இடமிராது. நாளொன்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட சுருட்டுகளைப் புகைப்பார்; கக்கத்தில் ஒரு சுருட்டுப் பெட்டி எப்போதும் இடுங்கியிருக்கும். (மாணவர்கள் இதனை மட்டும் அவரிடம் கற்க வேண்டா.) உதவியாளர் ஒவ்வொருவருக்கும் அன்றன்று செய்ய வேண்டியதை வண்ணப் பென்சிலால் சிறு சிறு அட்டைகளில் எழுதி அனுப்புவார். துப்பறியும் கதைகளில் பெருவிருப்பம் உண்டு. இவையெல்லாம் அவருடைய செயலராகப் பல்லாண்டு பணியாற்றிய மார்த்தா மார்குவார்ட் அம்மையாரின் நினைவுகளால் நமக்குக் கிடைத்த செய்திகள்.

1904இல் சப்பானிய அறிஞர் ஷிகாவோடு சேர்ந்து, டிரிபான் சிவப்பு என்னும் சாயத்தால் ஒருவகை ஒட்டுண்ணி நோயுற்ற எலிகளைக் குணப்படுத்தினார். கைம்பெண்ணான பிரான்சிஸ்கா ஸ்பையர் அம்மையார் தம் கணவர் நினைவாக அளித்த கொடையால் 1906இல் வேதிமருந்து ஆய்வுக்கென்றே ஒரு மனை எழுந்தது. இதற்கு முந்திய ஆண்டில்தான் சிபிலிஸ் என்னும் கொடிய மேகநோய்க்குக் காரணமான கிருமியைச் சவுதின், ஆப்மன் இருவரும் கண்டறிந்திருந்தனர். திருகாணிபோல் சுருண்ட வடிவம் உடையது அது. ஸ்பைரோகீட் என்பது அவ்வினத்தின் பெயர். லைம் நோயின் கிருமியும் இந்தச் சுருள் இனத்தைச் சேர்ந்ததே என்பதை வாசகர் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

சுருள் கிருமியை எதிர்த்துப் போரிடப் புறப்பட்ட எர்லிக் கையில் எடுத்தது எது? தமக்கு நெருங்கிய மெதிலீன் நீலம் அன்று. அட்டாக்சில் என்னும் பாடாணக் கூட்டுப்பொருளின் உண்மையான அமைப்பை வேதியியலார் பெர்தைமோடு சேர்ந்து கண்டு, அதனை நூற்றுக்கணக்கான வகையில் மாற்றி மாற்றிச் சோதித்தார். 606ஆம் எண்ணிட்ட பொருள் 1907இலேயே ஆக்கப்பட்டு, பயனற்றதென்று உதவியாளர் ஒருவரால் ஒதுக்கப்பட்டது. 1909இல் சப்பானிலிருந்து வந்த சகாசிரோ அட்டா, ஒதுக்கியவற்றையெல்லாம் பொறுமையோடு மீண்டும் எடுத்துச் சோதித்தார். கோழியின் சுருள் கிருமி நோய், எலிக்கு ஏற்றிய மீள்காய்ச்சல், முயலின் மேகப்புண் ஆகிய மூன்றிலும் 606 வென்றது. மீள்காய்ச்சலின் கிருமி பொர்ரீலியா என்னும் குடியைச் சேர்ந்தது. லைம் நோயின் கிருமியும் அக்குடியின் கிளையே. ஆக, லைம் என்னும் பெயரே தோன்றாத காலத்தில் அதன் நெருங்கிய உறவுக் கிருமியோடு எர்லிக்கின் கூடம் மோதி வென்றது.

விலங்கில் வென்றபின்னும் அவர் விரைந்துவிடவில்லை. ஆல்ட் என்னும் மருத்துவரின் உதவியாளர் இருவர் தாமே முன்வந்து தம் உடலில் அம்மருந்தை ஏற்றிக்கொண்டனர். பின்னரே நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1910 ஏப்ரலில் வீஸ்பாடன் மாநாட்டில் அறிவித்தபின், ஏறத்தாழ 65,000 அளவு மருந்து விலையின்றி மருத்துவர்களுக்கு வழங்கப்பட்டது. ஒவ்வொருவரும் பயனையும் தீங்கையும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டிறுதியில்தான் சால்வர்சான் என்னும் பெயரில் அது கடைக்கு வந்தது. காற்றுப் பட்டால் கெடும் பொருள். கரைப்பதில் பிழை நேர்ந்தாலும், ஊசி தவறினாலும் தீங்கு விளைந்தது. சாவுகளும் நேர்ந்தன. ஒவ்வொரு தீங்கின் செய்தியையும் எர்லிக் தேடித் தேடிப் படித்தார், உறக்கம் இழந்தார். 1912இல் எளிதில் கரையும் மற்றொரு வகையை வெளியிட்டார். அவதூறுகளும் எழுந்தன. 1914இல் பிராங்க்பர்ட் நீதிமன்றத்தில் அவரைத் தூற்றிய இதழாளர் ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கில் உண்மை வென்றது, மனிதர் சோர்ந்துவிட்டார். அவ்வாண்டு புதிதாய்த் தொடங்கிய பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில்தான் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. நோபல் பரிசு கிடைத்து ஆறு ஆண்டு கழித்து! யூதர் என்பதே அத்தடைக்குப் பெருங்காரணம். உலகப்போர் மூண்ட துயரமும் சேர, 1915 ஆகஸ்டு 20ஆம் நாள் பாட் ஓம்பர்க் நகரில் காலமானார். வயது 61.

நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் பிராங்க்பர்ட் தெருப் பலகையிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. முதுமையில் எட்விக் அம்மையார் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. போருக்குப் பின் பெயர் திரும்பியது. யூரோ வருவதற்கு முன் புழங்கிய 200 மார்க் தாளில் அவர் முகமும் இடம்பெற்றது.

அவர் ஒதுக்கி வைத்த நீலமோ ஓய்ந்திருக்கவில்லை. செர்மானிய வேதியியலார் அதன் மூலக்கூற்றை அடிப்படையாகக் கொண்டு 1920களில் பமாகுயின் என்னும் மலேரியா மருந்தை ஆக்கினர். அவ்வழியில் வந்ததே பிரிமாகுயின். சில நஞ்சுகளால் குருதி உயிர்வளியைச் சுமக்க முடியாது போகும் நிலையில், மருத்துவமனையில் மெதிலீன் நீலத்தை ஊசியாக ஏற்றி இன்றும் உயிர் காக்கின்றனர். ஆகவே இது மருந்தன்று என்று எவரும் சொல்லவியலாது. எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு என்பதே கேள்வி.

இப்போது பெரியவரின் வினா. 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரில் சிறுவர் பலருக்கு ஒருசேர மூட்டுவீக்கம் கண்டது. தாய்மார் விடாது முறையிட்டதால் ஆய்வு தொடங்கியது. 1981இல் வில்லி பர்க்டார்பர் உண்ணியின் உடலில் சுருள் கிருமியைக் கண்டார். டாக்சிசைக்கிளின் போன்ற மருந்துகள் அந்நோய்க்கு நிலைநாட்டப்பட்ட மருத்துவம். நம் மாவட்டங்களில் லைம் நோய் அரிதினும் அரிது. ஆயின் புதர்களில் வாழும் சிறு பூச்சியால் வரும் ஸ்கிரப் டைபஸ், மக்கள் உண்ணிக் காய்ச்சல் என வழங்குவது, இங்கு உண்டு. கடித்த இடத்தில் சுட்டாற்போல் கருவடு தோன்றும். அதற்கும் டாக்சிசைக்கிளினே முதல் மருந்து. அந்த மருந்துக் குடும்பத்தின் மூத்தது லெடர்லி ஆய்வகத்தில் டக்கர் கண்டு 1948இல் அறிவித்தது. அவ்வாய்வகத்தின் தலைமையில் அப்போது இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். யானைக்கால் நோய்க்கு நாம் உண்ணும் மாத்திரையும் அவர் குழுவின் கொடையே. அவர் வாழ்க்கை தனிக் கட்டுரைக்கு உரியது.

மருந்து முடித்தும் சிலருக்குத் திங்கள் கணக்கில் வலியும் களைப்பும் நீடிப்பது உண்மை. அது மனப்பிரமை அன்று. மருந்தை நீட்டித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நிலையான பயன் காணப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் நீலத் துளி நுழைகிறது. ஆய்வுக்கூடக் குடுவையில் மெதிலீன் நீலம் சில கிருமிகளை ஒடுக்கியதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. லைம் நோயுற்ற மனிதருக்குக் கொடுத்து, முறையாக ஒப்பிட்டு, பயன் உண்டென நிறுவிய ஆய்வு இல்லை. தீங்கோ நன்கு தெரிந்தது. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்களை அது சிதைக்கும். இக்குறை நம் நாட்டிலும் பலர்க்குப் பிறவியிலேயே உண்டு. மனச்சோர்வுக்கு மருந்து உண்போரின் மூளையில் செரோட்டோனினை அளவுக்கு மீறி உயர்த்தி உயிருக்கே இடர் செய்யும் என்று 2011இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்தது. மீன்தொட்டிக்கும் சாயப்பட்டறைக்கும் விற்கும் நீலத்தில் ஈயம், பாடாணம் போன்ற கலப்பும் இருக்கலாம்.

இவ்வளவையும் பெரியவரிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டார். தம் மகள் மனச்சோர்வுக்கும் மாத்திரை உண்பதை அப்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றிரவே எம் அறையிலிருந்து மகளிடம் பேசினார். புட்டி வாங்கி வைத்திருப்பதாகவும் இன்னும் திறக்கவில்லை என்றும் அவர் சொன்னாராம். திறவாமல் தம் மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். வலி முற்றும் தீரவில்லை. மருத்துவர் அவரைத் தொடர்ந்து கவனித்து வருகிறார். சென்ற வாரம் பெரியவர் மீண்டும் வந்தார். மலர் அச்சானதும் ஒரு படி வேண்டும், கடல் கடந்து அனுப்ப வேண்டும் என்று கேட்டு, அஞ்சல் செலவையும் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார்.